"விளங்கிச்சா?" என்ற கேள்வியை வார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்: தாதியர் சேவைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சில் தாதியர் சேவைக்குப் பொறுப்பானவர்களுக்கும், தாதியர் பயிற்சிக் கல்லூரிகளின் அதிபர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும், கொழும்பு மருத்துவமனைகளின் மேட்ரன்மாருக்கும் வார்ட் சிஸ்டர்மாருக்கும்,

வணக்கம்.

இரத்தப் பரிசோதனைக்கு முதல்நாள் "நாளைக்கு விரதத்தோட வாங்கோ" என்று சொல்லி நோயாளியை அனுப்புகிறோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு சைவ அம்மாவுக்கு விரதம் என்றால் மச்சம் சாப்பிடாமல் இருப்பது. பாலும் பழமும் விரதத்துக்குள் அடக்கம். காலையில் ஒரு கப் பாலும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, சொன்னபடி விரதத்தோடுதான் அவர் வருவார். அதையே மாளிகாவத்தையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் ஐயாவிடம் "நோன்போட வாங்கோ" என்று சொன்னால், அவர் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல், பிரஷர் குளிசையையும் போடாமல் வருவார். முதலாமவரின் சீனி அளவு கூடிக் காட்டும், மருந்தின் அளவு ஏறிவிடும். இரண்டாமவருக்குப் பிரஷர் கூடிக் காட்டும், அங்கேயும் மருந்து ஏறிவிடும். இருவரும் நாங்கள் சொன்னதை அப்படியே செய்தவர்கள். பிழை எங்களுடைய சொல்லில் இருந்தது.

அதே செய்தியை இப்படிச் சொல்லலாம்: "ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு சாப்பாடு, பால், தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம். வெறும் தண்ணி குடிக்கலாம். பிரஷர் குளிசையைத் தண்ணியோட போடுங்கோ. சீனிக் குளிசையை ரத்தம் குடுத்து முடிஞ்சு, சாப்பிடேக்க போடுங்கோ." இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

கொழும்பு அரச மருத்துவமனைகளின் வார்ட்டுகளிலும் கிளினிக்குகளிலும் வேலை செய்யும் தமிழ் பேசும் தாதியர் நாங்கள். நாங்கள் சொல்வதை நோயாளி விளங்கிக்கொள்வது பற்றித் தாதியர் சேவை என்ன நினைக்கிறது, அது எங்கே பிழைக்கிறது, எதை மாற்றலாம் என்பதை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

முதலில் இந்த விடயத்தின் பெயரே எங்களைக் குழப்புகிறது. ஆங்கிலத்தில் health literacy எனப்படும் இதைத் தமிழில் "சுகாதார எழுத்தறிவு" என்று எழுதுகிறோம். எழுத்தறிவு என்றதும் வாசிக்கத் தெரியுமா, கையெழுத்துப் போடத் தெரியுமா என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 10 வயதுக்கு மேற்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் எழுத்தறிவு உள்ளவர்கள். ஆகவே இது எங்கள் நாட்டுப் பிரச்சினையே இல்லை என்று பல சகோதரத் தாதியர் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் இங்கே பேசப்படுவது வேறு விடயம். உடம்பைப் பற்றிய ஒரு தகவலைத் தேடி எடுக்கவும், விளங்கிக்கொள்ளவும், அது தனக்குப் பொருந்துமா என்று நிதானிக்கவும், வீட்டில் செய்து பார்க்கவும் முடிகிறதா என்பதுதான் கேள்வி. வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவருக்கும், இன்சுலின் ஊசியின் கோடுகளை முதல் நாள் பார்க்கும்போது கை நடுங்கும். வலி, பயம், நித்திரையின்மை, களவு போய்விடும் என்று வீட்டில் விட்டு வந்த மூக்குக்கண்ணாடி எல்லாம் அன்றைக்கு அவருடைய அறிதிறனைக் குறைத்துவிடும். இது ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளிடமும் நாளுக்கு நாள் மாறும். எனவே ஒருவருடைய உடுப்பையும் பேச்சையும் பார்த்து "இவருக்கு விளங்கும்" என்று முடிவு கட்ட எங்களால் முடியாது.

முடியாது என்பதற்கு ஆதாரமும் உண்டு. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தாதியர் தங்கள் நோயாளிகளின் விளக்கத்தைக் கூட்டி மதித்த தடவைகள், குறைத்து மதித்தவற்றைப் போல ஆறு மடங்கு. 2006இல் வெளியான இன்னோர் ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. "இரண்டு குளிசை, நாளைக்கு இரண்டு தடவை" என்ற லேபலைக் காட்டி, குறைந்த வாசிப்புத் திறன் உள்ள நோயாளிகளிடம் கேட்டார்கள். அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னவர்கள் ஏறத்தாழ 71 சதவீதம். அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை குளிசை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது, சரியாகக் காட்டியவர்கள் ஏறத்தாழ 35 சதவீதம். வாயால் சொல்ல முடிந்தவர்களில் பாதிப்பேரின் கை வேறு கணக்குச் சொன்னது.

இந்த இடைவெளியை எங்கள் வார்ட்டுகளில் மறைத்து வைத்திருப்பது ஒரே ஒரு சொல்: "விளங்கிச்சா?" சிங்களம் பேசும் தாதி அதைச் சிங்களத்தில் கேட்பார். நோயாளி தலையை ஆட்டி "ஹரி மிஸ்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். புறக்கோட்டைக் கடையில் விலை பேசவும் பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்லவும் போதுமான சிங்களம் இங்கே அநேகமான தமிழருக்கு உண்டு. அந்தச் சிங்களத்தை வைத்து மருந்து விளக்கத்தைப் பிடிக்க முடியாது என்பது கேட்பவருக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது. தமிழ்த் தாதி தமிழில் கேட்டாலும் பதில் பெரிதாக மாறுவதில்லை. மிஸ்ஸிக்கு வேலை கிடக்கிறது, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், விளங்கவில்லை என்றால் மடையர் என்று நினைத்துவிடுவார்கள் என்ற கூச்சம் மொழி பார்த்து வருவதில்லை. "ஓம்" என்ற விடை ஒன்றுதான் வரக்கூடிய கேள்வியைக் கேட்டுவிட்டு, விளக்கம் கொடுத்தாயிற்று என்று எழுதுகிறோம்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பவற்றில் மிகச் சிக்கலானது அதுதான்.

இங்கே கொடுக்கப்படும் குப்பியில் ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட் இருக்கிறது. அரை மில்லிலீற்றர் சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு ஒரு யூனிட். ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு இரண்டு யூனிட். வார்ட்டில் அரை மில்லிலீற்றர் சிரிஞ்சை வைத்து "பன்னிரண்டு கோடு இழுங்கோ" என்று பழக்கி அனுப்புகிறோம். அடுத்த மாதம் பாமசியில் ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்ச்தான் கிடைக்கிறது. அவர் அதே பன்னிரண்டு கோட்டை எண்ணி இழுக்கிறார். உள்ளே போவது 24 யூனிட். விடியற்காலையில் வியர்த்து, உளறி, மயங்கித் திரும்பி வருகிறார். சென்னைக்குப் போய்வரும் உறவினர் மலிவாக இருக்கிறதென்று சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு பெட்டி வாங்கி வந்தால் நிலைமை இன்னும் மோசம். அது மில்லிலீற்றருக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கென்று கோடு போட்டது. எங்கள் குப்பியிலிருந்து அதில் 12 என்ற இடம்வரை இழுத்தால் போவது 30 யூனிட், இரண்டரை மடங்கு. ஆகவே கோடு என்ற சொல்லையே விட்டுவிட வேண்டும். இலக்கத்தைக் காட்டி, "பத்து என்ற நம்பரைத் தாண்டி, இந்தப் பன்னிரண்டு யூனிட் வரைக்கும்" என்று சொல்ல வேண்டும். வேறு மாதிரி சிரிஞ்ச் கைக்கு வந்தால் போட முதல் கொண்டுவந்து காட்டச் சொல்ல வேண்டும். செம்மஞ்சள் மூடி சிரிஞ்ச் வந்த வெறும் உறையை மாதிரிக்குக் கொடுத்துவிட்டால், பாமசியில் அதைக் காட்டி வாங்குவார்.

கலங்கலான இன்சுலினைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பத்துத் தடவை உருட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். ஏன் என்று சொல்வதில்லை. உருட்டாவிட்டால் அடியில் தங்கிய மருந்து அடியிலேயே இருக்கும். முதல் கிழமை குறைவாகவும் குப்பி முடியும் கிழமை கூடவாகவும் உடம்புக்குள் போகும். இந்தக் காரணத்தைக் கேட்டவர் மறப்பதில்லை. குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீடுகள் கொழும்பில் இன்னும் இருக்கின்றன. அங்கே "பிரிஜ்ஜில வையுங்கோ" என்றால் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார், அந்த வீடு பூட்டியிருந்தால் அன்றைக்கு மருந்து இல்லை. ஐஸ் கட்டும் தட்டில் வைத்து மருந்தைக் கெடுப்பதும் நடக்கிறது. திறந்த குப்பியைப் பொதுவாக நாலு கிழமை வரை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துப் பாவிக்கலாம். குப்பியைத் தண்ணீர் புகாத பையில் கட்டி, ஈர மண்சட்டிக்குள் வைத்தால் போதும். திறந்த திகதியைக் குப்பியில் எழுதிக்கொடுப்பது எங்கள் வேலை.

இன்னொன்று, நாங்களே விதைத்த பிழை. "சீனி தொடவே கூடாது" என்று வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறோம். ஒருநாள் இரத்தத்தில் சீனி விழுந்து நடுங்கும்போது, பக்கத்தில் நிற்கும் மகள் சீனி கொடுக்கப் பயப்படுகிறாள். பிஸ்கட் கொடுக்கிறாள், சீனி போடாத தேத்தண்ணி கொடுக்கிறாள். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, குழப்பம் வந்தால், ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று நாலு தேக்கரண்டி சீனியை அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு சோறோ பாணோ சாப்பிட வேண்டும். விழுங்க முடியாமல் மயங்கிக் கிடப்பவரின் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இதை நோயாளிக்கு மட்டும் சொல்லிப் பலனில்லை. அந்த நேரம் அவர் தெளிவாக இருக்க மாட்டார். வீட்டில் கூட இருப்பவர் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும்.

சீனி என்ற சொல்லோடு இன்னொரு குழியும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிரசுரங்களை இணையத்தில் எடுத்து அப்படியே அச்சடித்து ஒட்டுகிறோம். அதில் "சர்க்கரையைத் தவிர்க்கவும்" என்று இருக்கும். அங்கே சர்க்கரை என்பது எங்கள் சீனி. இங்கே சர்க்கரை என்றால் பலருக்கும் வெல்லம். வாசித்தவர் வெல்லத்தை விட்டுவிட்டுச் சீனியைத் தொடர்வார். மறுபக்கம், "சீனி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், பனங்கட்டியும் கித்துள் பாணியும் இயற்கைதானே என்று அதற்கு மாறுவார்கள். இரண்டையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். உப்பும் இப்படித்தான். உப்பைக் குறைக்கச் சொன்னால் சோற்றில் போடும் உப்பைக் குறைப்பார்கள். கருவாடு, மாசி, அச்சாறு, சூப் கட்டி, பாண் இவற்றில் இருப்பது உப்பாகவே கணக்கில் வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு வளர்ந்தவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு மட்டத் தேக்கரண்டிக்கு உள்ளே. கரண்டியைக் கையில் பிடித்துக் காட்டினால் ஒரு நொடியில் விளங்கும்.

தமிழ்ப் பிரசுரங்களைப் பற்றிக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. "குருதி அமுக்கம்" என்று அச்சடிக்கிறோம், பிரஷர் என்று சொல்லும் ஆள் அது தன் வருத்தம்தான் என்று அறியாமல் கடந்து போகிறார். எழுத்துருக் கோளாறில் கொம்பும் காலும் இடம்மாறிய தாள்கள் மாதக்கணக்காகச் சுவரில் இருக்கின்றன. கொழும்பில் ஒரே வார்ட்டில் யாழ்ப்பாணத்து ஆளும் மலையகத்து ஆளும் மட்டக்களப்பு ஆளும் முஸ்லிம் ஆளும் படுத்திருப்பார்கள். ஒருவருக்குக் குளிசை, இன்னொருவருக்கு மாத்திரை. ஒருவருக்குச் சத்தி, இன்னொருவருக்கு வாந்தி. ஒருவர் நெஞ்சு நோகுது என்பார், மற்றவர் நெஞ்சு வலிக்குது என்பார். "வலிப்பு வருமா?" என்று கேட்டால் வலி வருமா என்று எடுத்துக்கொண்டு ஓம் என்று தலையாட்டுபவரும் உண்டு. அவருடைய கட்டில் தலைமாட்டு அட்டையில் இல்லாத காக்காய்வலிப்பு ஏறிவிடும். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் இருந்தாலும், எந்தத் தமிழ் என்பதையும் அவர் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பில் நாங்கள் செய்வது இன்னும் கவலையானது. தமிழ் தெரிந்தவர் என்று கண்ணில் படும் துப்புரவு ஊழியரையோ, பக்கத்துக் கட்டில்காரரையோ, நோயாளியின் பன்னிரண்டு வயது மகளையோ கூப்பிடுகிறோம். நாலு வசனத்தில் சொன்னதை அவர்கள் ஒரு வசனமாக்குவார்கள். விடுபடும் மூன்று வசனத்தில்தான் "காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே வாங்கோ" என்பது இருக்கும். தாயின் மாதவிடாய் இரத்தப்போக்கை மகளின் வாயால் கேட்கவைப்பது அந்தத் தாய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் செய்யும் அநியாயம். கேட்க வெட்கப்பட்டு, தாய் பாதியை மறைத்துவிடுவார். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கட்டில் ஓரத்தில் அந்தச் சட்டத்துக்குப் பொருள் வரவேண்டுமென்றால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் பயிற்றப்பட்ட இருமொழி ஊழியர் ஒருவரை மருத்துவமனை பெயர் குறித்து வைக்க வேண்டும். அவரைக் கூப்பிடும் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு வார்ட்டிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

பாமசியில் கொடுக்கும் சின்னக் காகித உறையைப் பாருங்கள். அதில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் கிறுக்கலாக இருக்கும், வேளை சிங்களத்தில் இருக்கும், சிலவேளை வெறும் "1 x 3". சிங்களம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத முதியவர்கள் ஏராளம். அவர்கள் குளிசையை நிறத்தாலும் வடிவத்தாலும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். வெள்ளை நீட்டு சீனிக்கு, ரோஸ் வட்டம் பிரஷருக்கு. அடுத்த கிளினிக்கில் வேறு கம்பனியின் மருந்து வந்தால் நிறம் மாறிவிடும். பழையது மிச்சமிருந்தால் இரண்டையும் போடுவார், அல்லது புதியதைப் பிழையாகத் தந்துவிட்டார்கள் என்று வீசிவிடுவார். பின்னேரம் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்க்கும் டொக்டர் அதே மருந்தைக் கம்பனிப் பெயரில் எழுதுவார், கிளினிக் கொப்பியில் அது வேறு பெயரில் இருக்கும், இரண்டும் உள்ளே போகும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் வீட்டில் உள்ள எல்லா உறையையும் குப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் கொட்டிப் பார்ப்பதுதான் இதைப் பிடிக்கும் ஒரே வழி.

மெத்தொட்ரெக்ஸேட் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மூட்டு வாதத்துக்கும் சில தோல் வருத்தங்களுக்கும் அது கிழமைக்கு ஒரு தடவை மட்டும் போடும் மருந்து. நாள்தோறும் போட்டால் வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் விழுந்து, ஆளே போகக்கூடும். மற்ற எல்லா உறையிலும் நாளைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு என்று இருக்கும்போது, இது ஒன்று மட்டும் கிழமைக் கணக்கு. அதில் 2.5 மி.கி. குளிசையும் 10 மி.கி. குளிசையும் உண்டு. ஆகவே கிழமைக்கு ஒருக்கா என்று நிறுத்தாமல், எந்த நாள் என்று நோயாளியையே தெரிவு செய்யவைத்து, "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று உறையில் தமிழில் பெரிதாக எழுத வேண்டும். பிறகு கேட்க வேண்டும்: "இண்டைக்குத் திங்கள். இனி எப்ப போடுவீங்கள்? அதுக்கடுத்தது எப்ப?" இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் வந்த பின்தான் அவரை அனுப்பலாம்.

உறிஞ்சும் மருந்துக் கப்சூல்களைத் தண்ணீரோடு விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். கப்சூல் என்றால் விழுங்குவதுதானே. அவர்கள் மேல் குற்றமில்லை. கருவியில் போட்டு, திருகி, உறிஞ்சிக் காட்டவைக்காமல் அதைக் கையில் கொடுத்ததுதான் குற்றம்.

பிள்ளைகளின் பரசிட்டமோல் பாணியிலும் கவனம் வேண்டும். பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. சாதாரணப் பாணி 5 மி.லீ.இல் 120 மி.கி. என்றால், அது 6 மி.லீ.க்குச் சற்று மேல். ஆனால் துளிமருந்துப் போத்தலில் 1 மி.லீ.இலேயே 100 மி.கி. இருக்கும். "ஆறு எம்எல் குடுங்கோ" என்று கேட்டுப் பழகிய தாய், வீட்டிலிருக்கும் துளிமருந்தில் ஆறு மி.லீ. கொடுத்தால் 600 மி.கி., நாலு மடங்கு. வீட்டுக் கரண்டிகளும் ஒரே அளவில் இல்லை. ஊசியில்லாத 5 மி.லீ. சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்து, சரியான இடத்தில் பேனையால் கோடு போட்டு, அந்தத் தாயின் கையால் அந்தப் போத்தலில் இருந்தே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். 6 மி.லீ. என்றால் மூன்று மூன்றாக இரண்டு தடவை.

டெங்கு கொழும்பின் வருத்தம். 2017இல் நாடு முழுதும் பதிவானவர்கள் 1,86,000க்கு மேல். முதல் நாட்களில் வீட்டுக்கு அனுப்பும் நோயாளியிடம் நாங்கள் சொல்லத் தவறுவது ஒன்றுதான்: காய்ச்சல் விடும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். எல்லா வருத்தத்திலும் காய்ச்சல் விட்டால் சுகம் என்பது மனிதருக்கு இயல்பான எண்ணம். டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்று நோ, விடாத சத்தி, கை கால் குளிர்தல், இரத்தக் கசிவு, ஆறு மணித்தியாலம் சலம் போகாமை, இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்றும் பாராமல் வர வேண்டும். "நிறையத் தண்ணி குடியுங்கோ" என்பதும் போதாது. வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு இரண்டரை லீற்றர் அளவு, வெறும் தண்ணீராக இல்லாமல் கஞ்சி, இளநீர், பழச்சாறு, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) என்று கலந்து. சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா என்று தெரியாது. ஜீவனியின் ஒரு லீற்றர் பக்கெட்டை ஒரே தடவையில் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். தம்ளருக்குத் தம்ளர் கிள்ளிப் போட்டால் உப்பின் அளவு பிழைக்கும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். வளர்ந்தவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 500 மி.கி. குளிசை எட்டுக்கு மேல் கூடாது. நோவுக்கு வேறு ஏதாவது கடையில் வாங்கிப் போட்டால் இரத்தக்கசிவு கூடும்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டினால் நிற்காது. டொக்டரும் தாதியும் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை அந்தக் கணமே மறந்துபோகிறது என்று 2003இல் வெளியான ஒரு கட்டுரை சொல்கிறது. ஆகவே ஒரு தடவைக்கு மூன்று விடயத்துக்கு மேல் வேண்டாம். மூன்றைச் சொன்னதும் நிறுத்திக் கேட்க வேண்டும். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றால் பள்ளிக்கூடப் பரீட்சை போலாகிவிடும். "நான் சரியாச் சொன்னேனா எண்டு எனக்குப் பார்க்க வேணும், அம்மா. வீட்டில மகள் கேட்டா இந்தக் குளிசையை எப்பிடிப் போட வேணும் எண்டு சொல்லுவீங்கள்?" என்றால் சோதிக்கப்படுவது தாதி. கூச்சம் போய்விடும். பிழையாக வந்தால் அதே வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பயனில்லை. வேறு சொல்லில், வேறு பொருளைக் காட்டிச் சொல்லி, மறுபடி கேட்க வேண்டும். கையால் செய்யும் வேலை என்றால் கையால் செய்து காட்டவைக்க வேண்டும்.

"கண்ணாடி கொண்டு வரேல்ல", "மகன் வந்தாப் பிறகு பாக்கிறன்" என்பவை, கொடுத்த தாளைத் தலைகீழாகப் பிடிப்பது, ஒரு கேள்வியும் கேட்காமல் புன்னகைப்பது எல்லாம் அநேகமாக ஓர் உதவிக் குரல். அதைக் கேட்கத் தாதியர் கல்லூரியில் பழக்கலாம். ஆனால் அடையாளம் தெரிந்தவருக்கு மட்டும் திருப்பிச் சொல்ல வைப்பது என்று ஒதுக்கினால், தெரியாமல் மறைப்பவர் தப்பிவிடுவார். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்வதே நல்லது.

நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான், எங்களுக்கும் தெரியும். காலை ஷிஃப்டில் ரவுண்ட், ஊசி, மருந்து, அட்மிஷன் எல்லாம் முடிந்து பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது, நோயாளியின் மனம் பஸ் தரிப்பில் நிற்கும், எங்கள் மனம் அடுத்த கட்டிலில் நிற்கும். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் வீண். இன்சுலின் தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு ஊசியையும் நோயாளியின் கையாலேயே போடவைத்தால், எப்படியும் அந்த ஊசிக்கு ஒதுக்கிய நேரத்துக்குள்தான் பாடமும் நடக்கும். பின்னேரப் பார்வையாளர் நேரத்தில் சமைப்பவரும் மருந்து எடுத்துக் கொடுப்பவரும் கட்டிலடியில் நிற்பார்கள். விளக்கத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. எல்லா மருந்துக்கும் வேண்டாம். இன்சுலின், வோர்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), மெத்தொட்ரெக்ஸேட், உறிஞ்சும் மருந்து, பிள்ளைகளின் பாணி மருந்து, வீட்டுக்கு அனுப்பும் டெங்கு சந்தேகக் காய்ச்சல், இந்த ஆறிலும் கட்டாயமாக்கினால் பெரும்பாலான ஆபத்து அடங்கும்.

இன்னொரு புதிய படிவம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இருக்கும் தாதியர் குறிப்பில் "நோயாளிக்கு விளக்கமளிக்கப்பட்டது" என்று எழுதும் வழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். அதற்குப் பதிலாக நோயாளி என்ன சொன்னார், என்ன செய்து காட்டினார், எந்த மொழியில், கூட நின்றவர் யார் என்று ஒரே வரியில் எழுதச் செய்யுங்கள். "தமிழில். 12 யூனிட்டைத் தானே இரண்டு தடவை சரியாக இழுத்தார். மனைவி சீனித் தண்ணீர் முறையைச் சொன்னார்." கையொப்பம் பெற்றதைவிட இந்த வரிதான் அடுத்த ஷிஃப்டுக்கு வேலை செய்யும். தாதியர் கல்லூரிகளில் இது எழுத்துப் பரீட்சையில் வரும் வரைவிலக்கணமாக நின்றுவிடாமல், செய்முறைப் பரீட்சையில் மாணவி செய்து காட்டும் ஒரு கட்டமாக வர வேண்டும். சிங்கள மாணவிக்குத் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி, தமிழ் மாணவிக்குச் சிங்களம் மட்டும் தெரிந்த நோயாளி, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். எங்கள் தமிழ்த் தாதியரும் இதில் சிறந்தவர்கள் இல்லை. எங்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும்.

தொடங்குவதற்கு ஒரு மருத்துவ வார்ட்டும் ஒரு சீனி கிளினிக்கும் போதும். இன்சுலின் ஒன்றை மட்டும் மூன்று மாதம் செய்து பார்க்கலாம். அந்த மூன்று மாதத்தில் சீனி விழுந்து திரும்பி வருபவர்களின் எண்ணிக்கையை முந்திய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறைகளில் ஒட்டுவதற்கான தமிழ் வசனங்களையும், யாழ்ப்பாணம், மலையகம், கிழக்கு, முஸ்லிம் வழக்குகள் சேர்ந்த சொற்பட்டியலையும் நாங்கள் எழுதித் தருகிறோம். அச்சுக்குப் போகும் முன் ஐந்து நோயாளிகளிடம் வாசிக்கக் கொடுத்து, அவர்கள் தடுக்கிய இடங்களைத் திருத்தியே தருவோம். எந்த வார்ட், எந்தத் திகதி என்பதை நீங்கள் குறித்தால் போதும்.

இப்படிக்கு,
கொழும்பு மருத்துவமனைகளில் பணிபுரியும் தமிழ் பேசும் தாதியர்